நடைப்பிணம் யார்?
கொள்ளைநோய்க் கதைகளில் அரசும் ஊரும் உயிர்பிழைப்பும்

எங்கள் தோட்டப் பள்ளித் திடலில் மாணவர் ஆடும் விளையாட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறி வருகின்றன. கண்ணாமூச்சியும் பச்சைக் குதிரையும் மறைந்து, சில ஆண்டுகளாக 'ஸோம்பி' விளையாட்டு வந்திருக்கிறது. ஒருவன் கைகளை முன்னே நீட்டிக் காலை இழுத்து இழுத்து நடப்பான். அவன் கை பட்டவனும் அவனைப் போலவே ஆகிவிட வேண்டும். அதன்பின் வாய் திறந்து பேசக் கூடாது. எஞ்சியிருப்பவர்களைத் துரத்த வேண்டும். கடைசிவரை பிடிபடாதவன் எவனோ அவனே வென்றவன். திரையில் கண்ட கதையைத்தான் பிள்ளைகள் திடலில் ஆடுகிறார்கள்.

ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பார்த்து, "ஸோம்பி என்றால் யார்?" என்று கேட்டேன். "செத்த பிறகும் நடப்பவன், ஐயா. நம்மைக் கடிக்க வருவான்" என்றான் ஒருவன். "சோம்பேறிதான் ஐயா ஸோம்பி" என்றான் மற்றொருவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அச்சொல்லின் வரலாற்றை அறிந்தவர்க்கு அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்காது. இறந்த பின்னும் ஓய்வின்றி உழைக்குமாறு விதிக்கப்பட்டவன் ஒருவன் உண்டென்றால், அவனே ஸோம்பி. அவன் பிறந்த இடமும் ஒரு தோட்டமே.

ஸோம்பிக்கு நம் மொழியில் 'நடைப்பிணம்' என்ற நல்ல சொல் உண்டு. இன்று நடைப்பிணக் கதையும் கொள்ளைநோய்க் கதையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரு நோய் பரவுகிறது, அரசு தடுமாறுகிறது, ஊர் சிதறுகிறது, சிலர் கதவை அடைத்துக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறார்கள். இக்கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் தவறு. ஆபத்து வரும்போது அரசு என்ன செய்யும், அண்டை வீட்டான் என்ன செய்வான், நாம் என்ன செய்ய வேண்டும் என்ற எண்ணங்களை இளையோர் மனத்தில் விதைப்பவை இவையே. ஆதலால் ஒவ்வொரு கதையிடமும் மூன்று வினாக்களை நாம் கேட்க வேண்டும். கதவின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? கதவுக்கு வெளியே நிற்பவர் யார்? கதையைச் சொல்பவர் கதவின் எந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறார்?

சிவப்புச் சிலுவை இட்ட கதவு

'ராபின்சன் குரூசோ'வை எழுதிய டேனியல் டீபோவை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் 1722-இல் வெளியிட்ட மற்றொரு நூல், 1665-இல் லண்டன் மாநகரைச் சூறையாடிய பிளேக்கு நோயைப் பற்றியது. நோய் வந்த ஆண்டில் டீபோ ஏறத்தாழ ஐந்து வயதுக் குழந்தை. 1720-இல் பிரான்சு நாட்டு மார்செய் துறைமுகத்தில் பிளேக்கு தோன்றி, இங்கிலாந்து மக்கள் மீண்டும் அஞ்சியிருந்த காலத்தில், பழைய ஆவணங்களைத் தேடித் தொகுத்து, குதிரைச் சேணம் விற்கும் ஒரு வணிகன் நேரில் கண்டு எழுதியதுபோல அந்நூலைப் புனைந்தார். கற்பனையும் ஆவணமும் பிரிக்க முடியாதபடி அதில் கலந்து கிடக்கின்றன.

1665-இல் லண்டன் நகராட்சி இட்ட ஆணைகளை டீபோ தம் நூலில் எடுத்துக் காட்டுகிறார். நோய் கண்ட வீட்டின் கதவில் ஓர் அடி நீளச் சிவப்புச் சிலுவை வரைய வேண்டும். இறைவன் இரங்குக என்னும் வேண்டுதலை அதன்மேல் எழுத வேண்டும். நோயுற்றவர், நோயற்றவர் என்ற வேறுபாடின்றி வீட்டார் அனைவரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்ட வேண்டும். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என இரு காவலர் வாயிலில் நிற்பர். திறவுகோல் அவர்களிடம் இருக்கும். அவ்வாண்டின் இறப்புப் பட்டியல்களில் பிளேக்கால் மாண்டவர் என்று குறிக்கப்பட்டவர் மட்டும் 68,596 பேர்.

டீபோ அரசைத் தூற்றவும் இல்லை. வெறுமனே போற்றவும் இல்லை. மன்னரும் அரசவையினரும் ஊரைவிட்டு வெளியேறி ஆக்ஸ்போர்டில் தங்கினர் என்பதைச் சொல்கிறார். நகர மேயரும் அலுவலரும் ஊரிலேயே நின்று, ரொட்டி விலை ஏறாமல் காத்து, ஏழைகளுக்குப் பொருளுதவி வழங்கியதைப் பாராட்டுகிறார். ஆனால் வீடுகளைப் பூட்டியது பயன் தரவில்லை என்பது அவர் முடிவு. பூட்டப்படுவோம் என்று அஞ்சியவர்கள் நோயை மறைத்தார்கள். காவலரை ஏமாற்றியோ அடித்தோ தப்பி ஓடினார்கள். ஓடிய இடமெங்கும் நோயைக் கொண்டு சென்றார்கள். அச்சத்தால் ஆளப்படும் மக்கள் உண்மையை ஒளிப்பார்கள் என்பதை அவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதினார்.

அந்நூலில் மூன்று ஏழைத் தொழிலாளரின் கதை ஒன்று வருகிறது. ஒருவன் முன்னாள் போர்வீரன், இப்போது ரொட்டி சுடுபவன், ஒருவன் பாய்மரத் துணி தைப்பவன், ஒருவன் தச்சன். மூவரும் நோய்க்குத் தப்பி நாட்டுப்புறம் செல்கின்றனர். வழியில் வேறு சிலரும் சேர்ந்துகொள்கின்றனர். ஓர் ஊரார் அவர்களை வழிமறித்து உள்ளே விட மறுக்கிறார்கள். தச்சன் மரக்கம்புகளைத் துப்பாக்கிபோலச் செதுக்குகிறான். அந்திவேளையில் அங்கங்கே தீ மூட்டுகிறார்கள். பெரும்படை ஒன்று வந்துவிட்டது என்று அஞ்சிய ஊரார் ரொட்டியும் இறைச்சியும் கொடுத்து அனுப்புகிறார்கள். இரக்கத்தால் திறக்காத கைகள் அச்சத்தால் திறந்தன. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் அவர்கள் தங்கிய காட்டுப் பகுதியில், அவர்கள் நோயற்றவர், ஒழுங்குடையவர் என்று கண்ட அக்கம்பக்கத்தார் தாமாகவே உணவும் வைக்கோலும் கொடுத்து உதவினர். முகம் தெரியாதவரையில் அவர்கள் ஆபத்து; முகம் தெரிந்த பின் அவர்கள் மனிதர்.

இங்கு ஓர் உண்மை நிகழ்ச்சியையும் சேர்த்து எண்ண வேண்டும். 1665, 1666 ஆண்டுகளில் இங்கிலாந்தின் டெர்பிசயர் வட்டாரத்தில் ஈம் என்னும் சிற்றூரில் அதே பிளேக்கு புகுந்தது. வில்லியம் மாம்பெசன், தாமசு இசுட்டான்லி ஆகிய சமய குருமார் இருவரின் சொல் கேட்டு, அவ்வூரார் தம் எல்லையைத் தாமே அடைத்துக்கொண்டார்கள். அயலூரார் எல்லையில் உணவை வைத்துச் செல்வார்கள். ஈமூரார் அதற்குரிய காசைப் புளிக்காடியில் இட்டு வைப்பார்கள். அவ்வூரில் மாண்டவர் 260 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. லண்டனில் கதவைப் பூட்டியது காவலன் கை; ஈமூரில் பூட்டியது ஊராரின் கை. எல்லைக்கு அப்பாலிருந்து உணவு வந்தபடியால்தான் அந்தப் பூட்டு நிலைத்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

பெயர் சொல்லத் தயங்கும் அரசு

டீபோவின் வழியில் வந்து உலகப் புகழ் பெற்றது, அல்பேர் காம்யு 1947-இல் வெளியிட்ட 'பிளேக்கு' என்னும் புதினம். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த அல்சீரியாவின் ஓரான் நகரில் கதை நிகழ்கிறது. முதலில் எலிகள் தெருவில் வந்து சாகின்றன. பின்னர் மனிதர் சாகின்றனர். மருத்துவர்கள் கூடி ஆராய்கிறார்கள். நோய் என்ன என்பதன்று, அதைப் பெயர் சொல்லி அழைக்கலாமா என்பதே அங்கு வழக்காகிறது. அறிவிப்புகள் சிறு எழுத்தில், எளிதில் கண்ணில் படாத மூலைகளில் ஒட்டப்படுகின்றன. பிணங்கள் பெருகிய பின்னரே ஆணை வந்து நகர வாயில்கள் அடைபடுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் நாட்சிகள் பிரான்சை அடக்கியாண்ட காலத்தில், மறைவாக நடந்த எதிர்ப்பு ஏடொன்றில் பணியாற்றியவர் காம்யு. ஆகவே அவர் கதையில் பிளேக்கு நோயாகவும் நிற்கிறது, கொடுங்கோன்மையாகவும் நிற்கிறது. அரசு தயங்கும் இடத்தில் குடிமக்கள் தாமே தொண்டர் குழு அமைக்கிறார்கள். மருத்துவர் ரியூவுக்கு அது வீரச்செயலாகத் தோன்றவில்லை. தம் வேலையை நேர்மையாகச் செய்வது என்றே தோன்றுகிறது. பெருந்துன்பத்தில் வீரனைத் தேடாதே, கடமை தவறாதவனைத் தேடு என்பது அந்நூலின் உட்பொருள்.

அத்தகைய நூலிலும் ஒரு கதவு அடைபட்டே இருக்கிறது. ஓரானில் வாழ்ந்த அரபு மக்கள் அக்கதையில் ஏறத்தாழ இல்லை. நோய் அவர்களையும் கொன்றிருக்கும். அவர்கள் வீட்டிலும் அழுதிருப்பார்கள். பெரிய எழுத்தாளர் எழுதிய பெரிய நூலும் ஒரு பக்கத்தில் நின்றே உலகைப் பார்க்கிறது என்பதற்கு இது சான்று.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த கதை

இனி மறுபக்கத்துக் கதைக்கு வருவோம். கரிபியன் கடலில் இன்று ஹைட்டி எனப்படும் நாடு, 18-ஆம் நூற்றாண்டில் செயிண்டு டொமிங்கு என்ற பெயருடன் பிரெஞ்சுக்காரரின் செல்வக் களஞ்சியமாக இருந்தது. கரும்பும் காப்பியும் அங்கு விளைந்தன. 1789-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 5 இலட்சம் ஆப்பிரிக்கர் அங்கு அடிமைகளாக உழைத்தனர். கரும்பாலைக் கொடுமையில் அவர்கள் விரைந்து மாண்டனர். மாண்டவருக்கு ஈடாகக் கப்பல் கப்பலாகப் புதிய அடிமைகள் கொண்டுவரப்பட்டனர்.

அவர்களுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. இறந்தால் உயிர் கடலைக் கடந்து முன்னோர் வாழும் கினி நாட்டுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். சாவே அவர்களுக்கு ஊருக்குப் போகும் கப்பல். அந்த நம்பிக்கையின் நிழலாகத் தோன்றியதே ஸோம்பி பற்றிய அச்சம். மந்திரவாதி ஒருவன் பிணத்தைக் குழியிலிருந்து எழுப்புவான். அதற்கு நினைவு இராது, விருப்பம் இராது, பேச்சு இராது. ஏவிய வேலையை இரவு பகலாகச் செய்துகொண்டே இருக்கும். அம்மக்கள் அஞ்சியது ஸோம்பி வந்து கடிக்கும் என்றன்று. தாமே ஸோம்பியாகிவிடுவோமோ என்றுதான். செத்தாலும் முதலாளி விடமாட்டான் என்பதைவிடப் பெரிய அச்சம் ஓர் அடிமைக்கு வேறென்ன உண்டு?

1791-இல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804 சனவரி 1-ஆம் நாள் ஹைட்டி விடுதலை நாடாயிற்று. ஆனால் 1915-இல் அமெரிக்கப் படை அந்நாட்டில் இறங்கி 1934 வரை அங்கிருந்து ஆண்டது. சாலை போடுவதற்காக உழவரைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கும் பழைய வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. அந்நாளில் அங்குச் சென்ற அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சீபுரூக் 1929-இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். ஸோம்பியை அமெரிக்க மக்களுக்கு அறிமுகம் செய்த நூல் அதுவே.

அதில் அவர் கேட்டெழுதிய கதை ஒன்று தோட்ட மக்களாகிய நம் கவனத்துக்கு உரியது. 1918-இல் கரும்பு மிகுதியாக விளைந்து, அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி ஒன்று புதிய ஆட்களுக்குக் கூலி உயர்த்தியது. கிழவன் ஒருவன் கந்தல் உடுத்த ஒன்பது பேரை வரிசையாக நடத்திக்கொண்டு வந்தான். அவர்கள் பேசவில்லை, பெயர் கேட்டாலும் சொல்லவில்லை. மலைநாட்டார், நம் பேச்சு புரியாது என்றான் கிழவன். அவர்கள் வெயிலில் ஓயாமல் வெட்டினார்கள். கூலியைக் கிழவன் வாங்கிக்கொண்டான். உப்பிட்ட உணவை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஒரு திருவிழா நாளில் கிழவனின் மனைவி இரக்கப்பட்டு இனிப்புப் பண்டம் வாங்கிக் கொடுத்தாள். அதிலிருந்த பருப்பில் உப்பு இருந்தது. உப்பு நாவில் பட்டதும் அவர்கள் தாம் இறந்தவர் என்பதை உணர்ந்தார்கள். அலறி எழுந்து மலைமேல் இருந்த தம் ஊரை நோக்கி நடந்தார்கள். தத்தம் புதைகுழியை அடைந்து அங்கேயே விழுந்தார்கள்.

இக்கதையைப் படித்த நாளில் எனக்கு என் பாட்டனார் நினைவு வந்தது. கங்காணியோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர் அவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, இருட்டில் பால்மரம் வெட்டப் போனவர். வேலைக்கு வந்த ஆள் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. நம்மவர் அடிமைகள் அல்லர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் ஆள் உழைக்க, ஆளை நடத்தி வந்தவன் காசு வாங்கும் காட்சி நமக்கு முற்றிலும் புதியதன்று.

உப்பும் நமக்குப் புதியதன்று. "சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். மான உணர்ச்சி உனக்கு இல்லையா என்பது அதன் பொருள். ஹைட்டித் தீவின் உழவனும் நம் லயத்துக் கிழவியும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இருந்தும், உப்பு உண்டவனுக்குச் சொரணை வரும், சொரணை வந்தவன் அடங்கிக் கிடக்கமாட்டான் என்ற ஒரே எண்ணம் இரு இடத்திலும் நிலவியது.

கதை கைமாறியது

உழைப்பவர் சொன்ன கதை அமெரிக்கத் திரைக்குச் சென்றதும் மெல்ல மாறலாயிற்று. 1932-இல் வந்த 'வெள்ளை ஸோம்பி' என்ற படத்தில் பழைய பொருள் இன்னும் இருந்தது. பேலா லுகோசி நடித்த மந்திரவாதியின் கரும்பாலையைப் பிணங்களே சுழற்றுகின்றன. ஒருவன் தவறி அரைவைக்குள் விழுகிறான். மற்றவர் தலை திருப்பாமல் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் படம் நம்மை அழச் செய்வது அவனுக்காக அன்று; மந்திரத்தில் சிக்கிய ஒரு வெள்ளைப் பெண்ணுக்காகவே.

அடுத்த திருப்பம் 1954-இல் நிகழ்ந்தது. ரிச்சர்டு மாதீசன் எழுதிய 'நான் ஒரு கட்டுக்கதை' எனப் பொருள்படும் தலைப்புடைய புதினத்தில், ஒரு நுண்ணுயிர் மக்கள் அனைவரையும் இரத்தம் குடிக்கும் பேய்களாக்கிவிடுகிறது. எஞ்சிய ஒருவன் வீட்டைப் பலகையடித்து அடைத்துக்கொண்டு வாழ்கிறான். பகலில் வெளியே வந்து அவர்களைக் கொல்கிறான். இறுதியில் நோயோடு வாழக் கற்றுக்கொண்ட ஒரு புதுச் சமுதாயம் உருவாகியிருப்பதும், அவர்கள் கண்ணுக்குத் தானே கொடிய பேயாக இருப்பதும் அவனுக்குத் தெரியவருகிறது. பேய்க்கதை இங்கே கொள்ளைநோய்க் கதையாயிற்று.

இந்நூலால் தூண்டப்பட்ட ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் 'உயிருள்ள பிணங்களின் இரவு' என்னும் பொருளுள்ள படத்தை எடுத்தார். அதில் ஸோம்பி என்ற சொல்லே வருவதில்லை; பின்னர்தான் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்கின்றன. ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே இருப்பவற்றைவிட உள்ளே எழும் சண்டையே பெரிதாகிறது. நிலவறையில் பூட்டிக்கொள்வோம் என்கிறான் குடும்பத்தலைவன் ஒருவன். மேலே நின்று காப்போம் என்கிறான் பென் என்னும் கறுப்பு இளைஞன். வெளியே சென்று திரும்பி ஓடிவந்த பென்னுக்கு மற்றவன் கதவைத் திறக்கவில்லை. அரசோ, முதலில் வீட்டுக்குள் இருங்கள் என்கிறது; பிறகு மீட்பு நிலையங்களுக்குச் செல்லுங்கள் என்கிறது.

இரவு முழுதும் போராடித் தப்பியவன் பென் ஒருவனே. விடிந்ததும் ஊர்த் தலைமைக் காவலரும் துப்பாக்கி ஏந்திய ஆட்களும் வருகிறார்கள். சன்னலில் தெரிந்த உருவத்தை யார் என்று கேட்காமலே சுடுகிறார்கள். பிணங்களிடமிருந்து தப்பியவன் தன்னைக் காக்க வந்தவர் கையால் மாள்கிறான். கொக்கிகளால் இழுக்கப்பட்டுத் தீயில் இடப்படுகிறான். அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த முடிவைக் கண்ட அமெரிக்கருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ரொமேரோ அதிகாரத்தை நோக்கிக் கூர்மையான வினா எழுப்பியவர். ஆனால் அவர் வழியைப் பின்பற்றிய எண்ணற்ற படங்களில் வினா மறைந்து, கூட்டத்தைக் கண்டு அஞ்சும் அச்சம் மட்டும் நின்றது. பெயரில்லாத, முகமில்லாத, பசித்த கூட்டம் ஒன்று வேலியை நெருக்குகிறது; உள்ளே இருப்பவர் சுட்டுத் தள்ளுகிறார்கள். அரசு பொய் சொல்லும், அண்டை வீட்டான் கெடுப்பான், ஆயுதம் வைத்திருப்பவன் பிழைப்பான் என்பதே அவற்றின் பாடம். தோட்டத்து அடிமை தன் முதலாளியைப் பற்றிச் சொன்ன கதை, வேலிக்குள் இருப்பவர் வெளியே இருப்பவரைப் பற்றிச் சொல்லும் கதையாக முடிந்தது.

விதிவிலக்கும் உண்டு. 2016-இல் தென்கொரியாவில் யோன் சாங்-ஹோ இயக்கிய 'பூசான் இரயில்' படத்தில், ஓடும் வண்டிக்குள் நோய் பரவுகிறது. தப்பி வந்த சிலரை மற்றொரு பெட்டியில் இருப்பவர்கள் கம்பெனி அதிகாரி ஒருவனின் தூண்டுதலால் உள்ளே விட மறுக்கிறார்கள். அடைத்த கதவே அவர்களுக்குப் பின்னர்க் கூண்டாகிறது. கடைசியில் ஒரு கருவுற்ற பெண்ணும் ஒரு சிறுமியும் மட்டும் இருண்ட சுரங்கவழியில் நடந்து வருகிறார்கள். வருவது மனிதரா நடைப்பிணமா என்று தெரியாமல் படைவீரர் குறிபார்க்கிறார்கள். சுடும்படி ஆணையும் வருகிறது. அப்போது சிறுமி அழுதுகொண்டே பாடுகிறாள். பாட்டைக் கேட்ட வீரன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். 1968-இல் பென்னுக்குப் பேச இடமில்லை. 2016-இல் சிறுமியின் குரலுக்குச் செவி கிடைத்தது. அதிகாரம் சுடுமுன் கேட்குமா என்பதே இரு படங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

கதையும் நடப்பும்

கதைகளில் வருவதுபோலத்தான் மக்கள் நடந்துகொள்கிறார்களா? 1963-இல் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆராய்ச்சி நடுவம் ஒன்று அமைந்தது. அதனை நிறுவியவருள் ஒருவரான என்ரிக்கோ குவாரன்டெல்லி, பேரிடர்களில் மக்கள் நடந்துகொள்ளும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்தார். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் மக்கள் வெறிகொண்டு ஓடுவது அரிது என்றும், முதலில் உதவுபவர் அண்டை அயலாரே என்றும் அவர் கண்டார். கதைக்கு நேர்மாறான முடிவு இது.

அடைத்த கதவு நம் மக்களுக்குப் புதியதன்று. கப்பலில் வந்த நம் முன்னோர், பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டே நாட்டுக்குள் விடப்பட்டார்கள். அண்மையில் 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவி, விடுதிகள் அடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞரும் பலர். உணவும் மருத்துவமும் அளிக்கப்பட்டன. உயிரிழப்பு மிகக் குறைவு. இவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆனால் ஊர் மக்களுக்குக் கதவு திறந்த பின்னும் அவர்களுக்கு நெடுநாள் திறக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. டீபோ எழுப்பிய வினா இன்றும் முடியவில்லை.

மலேசியாவில் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அடுத்த ஆண்டு சூன் மாதம் முழு ஊரடங்கு வந்தபோது, நாட்கூலிக்காரர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. அம்மாத இறுதியில், உணவில்லாதோர் வெட்கப்படாமல் வாசலில் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிடலாம், காண்போர் உதவலாம் என்ற செய்தி மக்களிடையே பரவியது. அரசு ஆணையிட்டு வந்ததன்று அது. மக்கள் தாமே கண்ட வழி. நாடெங்கும் வெள்ளைக்கொடிகள் தோன்றின. பலர் அரிசியும் பருப்பும் சுமந்துகொண்டு கொடி கண்ட வீடுகளைத் தேடிப் போனார்கள்.

எங்கள் லயத்திலும் ஒரு வாசலில் வெள்ளைத் துணி தொங்கியது. அருகில் சென்று பார்த்தேன். அது எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் சீருடைச் சட்டை. நான் ஆசிரியர்களுக்குச் சொல்லி, பொருள் சேர்த்துக் கொண்டு சென்றபோது, பக்கத்துக் கம்பத்து மலாய்க் குடும்பம் ஒன்று எங்களுக்கு முன்பே அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் போயிருந்தது. 1665-இல் கதவில் இட்ட சிவப்புச் சிலுவை, விலகிப் போ என்று சொன்னது. 2021-இல் கதவில் தொங்கிய வெள்ளைச் சட்டை, வா என்று அழைத்தது. அழைப்பைக் கேட்டு ஆட்களும் வந்தார்கள்.

இதனால் அரசு வேண்டா என்று நான் சொல்வதாக எண்ணலாகாது. தடுப்பூசியும் மருத்துவமனையும் தொற்றுத்தடையும் அரசின்றி வாரா. ஈமூரின் எல்லை நிலைத்ததற்கும் லண்டன் வீட்டுப் பூட்டு தோற்றதற்கும் உள்ள வேறுபாட்டையே சுட்டுகிறேன். உண்மையை மறைக்காத அரசுக்கு மக்கள் நோயை மறைக்கமாட்டார்கள். உள்ளே இருப்பவனுக்குச் சோறு கொடுக்கும் ஊரில் கதவுக்குப் பூட்டே வேண்டியதில்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொன்னேன். கரும்புத் தோட்டத்துக் கதையைச் சொன்னபோது வகுப்பில் சத்தம் இல்லை. "அப்படியென்றால் ஸோம்பி கெட்டவன் இல்லையா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அவனை யாரும் பெயர் கேட்கவில்லை, அம்மா" என்றேன்.

திடலில் விளையாட்டு இன்னும் நடக்கிறது. பிள்ளைகள் அதை விடவில்லை. ஆனால் விதி ஒன்றைத் தாமே மாற்றிக்கொண்டார்கள். பிடிபட்டவனை எதிர்த்து நின்று, அவன் பெயரைச் சொல்லி, உள்ளங்கையில் 'உப்பு' என்று தட்டினால் அவன் மீண்டும் ஆட்டத்துக்கு வந்துவிடலாம். அதற்குத் துணிந்து அருகில் போக வேண்டும். போனவன் பிடிபடவும் கூடும். இருந்தும் போகிறார்கள். கடைசியாக மிஞ்சியவன் எவன் என்று இப்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.